சில்லறை பாக்கி

இந்தத் தாளில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.
பதினாறு வயலின், நான்கு கொம்பு,
முக்கோண மணியைத் தட்ட மட்டும் சம்பளம் வாங்கும் ஒருவன்.
நடுவில் கையுறை விற்கிற பெண்.
பெரிய நோட்டை நீட்டும் கேப்டனிடம்
சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று
மூன்று பக்கத்துக்குச் சண்டை போட்டுப் பாடுகிறாள்.

என்னிடம் இருப்பது
இரண்டு கை, இரண்டு கால்,
ஏற்காட்டுக் கோயிலில் ஒரு ஆர்கன்.
யாரையாவது இறக்கிவிடத்தான் வேண்டும்.
வயோலாக்களை முதலில் இறக்கினேன், ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை.
கொம்புக்காரர்களில் இருவரை
இடது கட்டைவிரலடியில் நெருக்கி நிற்கவைத்தேன்.
செல்லோ மொத்தமும் காலுக்கு.
மணிக்காரன்தான் இறங்க மறுத்தான்.
கூட்ட நாளில் எஞ்சின் பெட்டிமேல் இடம் தருவதுபோல
இரண்டடிக் குழலைத் திறந்து
அவனைச் சுண்டுவிரலில் உட்காரவைத்தேன்.

மிச்சம் அவள் மூச்சு.

பாடுகிறவள் ஓரிடத்தில் மூச்சு வாங்குவாள்,
அரங்கமே அப்போது மூச்சை அடக்கும்.
ஆர்கனுக்கு மூச்சு முட்டுவதில்லை.
மோட்டார் ஓடும்வரை ஒரே சுரத்தை
விடிய விடியப் பிடித்திருக்கும்.
(மோட்டார் எதுவரை ஓடும் என்று கேட்காதீர்கள்,
நான் சேலம் மின்வாரியத்தில் பில் போடுகிறவன்.)
ஆகவே மூச்சை நான்தான் எழுதவேண்டும்.
விரலைத் தூக்கு. அரை நொடி சும்மா இரு.
சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி
அவளுக்குப் பதிலாய் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

சனிக்கிழமை, 14/20 என்று போட்ட வளைவில்
பிரேக்கும் திருப்பமுமாய் பஸ்
ஒன்று-இரண்டு-மூன்று என்று ஆடியது.
ஒரு மாதமாய்ச் சேராத இரண்டாம் குரல்
தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
டிக்கெட்டின் பின்புறம் ஐந்து கோடு கிழித்தேன்.
கண்டக்டர் முன்பே அங்கே 7 என்று எழுதிச் சுழித்திருந்தார்.
மேலே போய் வாசிக்கையில்
ஏழாம் விரல் எது என்று
கொஞ்ச நேரம் தேடினேன்.

அப்புறம் மிதிபலகை.
பனியில் ஊறிய மரம், கீழ் ஜி அழுந்தியது அழுந்தியபடி.
காலை எடுத்தும் அது எழவில்லை.
ஸ்தனிஸ்லாஸ் டார்ச்சோடு உள்ளே ஊர்ந்துபோய்
வெளியே வந்து, தும்மி,
‘தோல் வாங்கணும், பத்து நாள்’ என்றான்.
பூசையோ காலை ஏழுக்கு.
ராத்திரி முழுக்க மூன்று பக்கத்தையும் ஜிக்கு மாற்றி எழுதினேன்.
விடியும்போது கையுறைக்காரி
தம்புரா வைத்துக்கொண்டு சண்டை போட்டாள்.

ஃபாதர் தைரியநாதன் வாசலில் நின்று கேட்டார்.
‘நல்லாயிருக்கே. மாதா பாட்டா?’
பொய் நாக்குவரை வந்தது, பீடத்தில் விளக்கு எரிந்தது.
‘ஒரு பொண்ணு ஃபாதர். சில்லறை இல்லேங்கிறா.’
அவர் சிரிக்காமல் சொன்னார்:
‘அப்ப காணிக்கை எடுக்கும்போது வாசி.’

வாசித்தேன்.
பை ஒரு பக்கம், பித்தளைத் தட்டு ஒரு பக்கம்.
மூச்சுக்கு விட்ட இடத்தில் யாரோ இருமினார்கள்.
இரண்டாம் பக்கக் கடைசியில்
மணிக்காரனுக்காகச் சுண்டுவிரலைத் தூக்கினேன்,
அதற்குள் தட்டில் ஒரு ஐந்து ரூபாய் விழுந்தது,
இம்மி பிசகாமல் அவன் இடத்தில்.
விரலை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

இறங்குகிற பஸ்ஸில் வேறு கண்டக்டர்.