பார்வைத் தூரம்

ஃபாயாவில் காலை ஆறு மணிக்கு மொட்டைமாடி ஏறி
எது எது தெரிகிறது என்று பார்ப்பது என் வேலை.
தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் ஐந்நூறு மீட்டர்.
பழைய போரில் கவிழ்ந்த டாங்கி தெரிந்தால் இரண்டு கிலோமீட்டர்.
மலை தெரிந்தால் அது ஜனவரி இல்லை.

திபெஸ்திக்கும் என்னெடிக்கும் நடுவே
காற்றுக்கு ஒரு சந்து.
இரவெல்லாம் உயரத்தில் ஓடிவிட்டு
தரை சூடானதும் இறங்குகிறது
போதேலே பள்ளத்தில்.

அங்கே ஏரி இருந்தது.
நான் சொல்லவில்லை, மீன் முள் சொன்னது,
தோகோயிமியின் செருப்பில் குத்தி.
வெள்ளை மண்ணைச் சுரண்டினால்
கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள்.
நீரில் பிறந்து நீரிலேயே செத்தவை.

காற்று வந்தால் புழுதி பறக்கும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
என்ஜமேனா பயிற்சியில் சொன்னார்கள்:
மெல்லிய தூசி தானாக எழாது.
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும்,
குளிர் இரவில் ஒண்டிய ஆட்டுக்குட்டிகள் மாதிரி.
காற்று மேலே வழுக்கிப் போகும்.
முதலில் எழுவது பருமணல்.
உருளும், ஒரு சாண் துள்ளும், விழும்.
விழுகிற அடியில்
பிடி விடுகிறது தூசி.

அடித்த மணல் அடுத்த சாணில் கிடக்கும்.
அடிபட்டது கடல் தாண்டும்.

நவம்பரில் அடுப்படியில் நான் சொன்னது
ஒரே ஒரு சொல்.
தோகோயிமி பதில் பேசவில்லை.
தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்தான்.
தங்கம் தோண்டப் போகிறவர்களின் லாரியில்
மூட்டையோடு மூட்டையாக ஏறினான்.
கூரி என்றார்கள், பிறகு செபா என்றார்கள்,
பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல் இங்கேதான் கிடக்கிறது.
பெருக்கப் பெருக்கக் காலில் நறநறக்கிறது.

பத்து மணிக்குள் சூரியன் வெண்கலத் தட்டாகி
பிறகு அதுவும் இல்லை.
மூக்குக்குள் ஏரி.
பல்லிடுக்கில் ஏரி.
பதிவேட்டைத் திறந்தால் தாளின்மேல் ஏரி,
புறங்கையால் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒரு வாரம் பத்து நாளில் இது
பெருங்கடலின் மறுகரையில்
ஏதோ காட்டு மரத்து இலையில் இறங்குமாம்.
உரம் என்கிறார்கள்.
அங்கே யாராவது மாடியேறி நின்று
எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்களா,
சாப்பிட்டாயா என்று?
அந்தக் கட்டம் என் படிவத்தில் இல்லை.

தொட்டி தெரியவில்லை.
வாசல் கதவு தெரிகிறது, பாதி.
எழுதுகிறேன்:
காற்று வடகிழக்கு, நொடிக்குப் பதினாறு மீட்டர்.
பார்வைத் தூரம் ஐம்பதுக்கும் கீழ்.