ரைசூத் கேட் வரை

வருடப்பிறப்பு விடுமுறையை ஞாயிற்றுக்கு நகர்த்திவிட்டார்கள்.
வெள்ளி, சனி, ஞாயிறு.
குழம்புக் கையோடு மூன்று விரலைக் காட்டி
ஜெபசிங் சொன்னான்:
சலாலா.

ரூவியில் நாற்பத்தாறு டிகிரி.
ஏசி ஒழுகும் வாளியை
முறை வைத்துக் கொட்டுகிறோம்.
அங்கே தூறுகிறதாம்.
மலை பச்சையாம்.
சாலையோரம் இளநீர் விற்கிறார்களாம்.
"பார்த்ததும் நம்ம ஊர் மாதிரியே இருக்குன்னு
எவன் சொன்னாலும் ஒரு ரியால் அபராதம்"
என்று திரவியம் முன்கூட்டியே எழுதிவைத்தான்
வரவுப் பக்கத்தில்.

ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
போக ஒரு பகல், வர ஒரு பகல்,
கையில் நிற்பது ஒரே ஒரு நாள்.
எஸ்டிமேட் போட்டுப் பிழைக்கிறவன் நான்;
கட்டுப்படியாகாத வேலை என்றேன்.
அதற்குள் அறை வாடகையில் இறங்கிவிட்டார்கள்.

வழி மொகுதூமுக்குத்தான் தெரியும்.
ஆறு வருடம் டிரெய்லர் ஓட்டியவன்.
தண்ணீர் பாட்டில் வந்த அட்டையைக் கிழித்து
மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டான்.
வளைவே இல்லையா?
இருந்தாத்தானே போடுறதுக்கு.

ஆதம் தாண்டுமுன் டேங்கை நிரப்பணும்.
ஹைமாவில் டீ நல்லாருக்காது, குடிச்சிரணும்,
அடுத்த டீ வெகு தூரம்.
கஃப்தைனில் டயரைத் தொட்டுப் பாரு,
கை சுட்டா கால் மணி நேரம் நில்லு.
மஃரிபுக்கு மேல ஒட்டகம் ரோட்டில் படுக்கும்.
தாரோட சூடு அதுக்குப் பிடிக்கும்.
ஹார்ன் அடிக்காதே. லைட்டைத் தாழ்த்து. காத்துக்கிட.
தும்ரைத் விட்டு மலை இறங்கும்போது
ஒண்ணும் தெரியாது, வெறும் பஞ்சு.
முன்னால போறவனோட சிவப்பை மட்டும் நம்பு.

சலாலாவில் எங்கே தங்கலாம்?
பேனா நின்றது.
"ஊருக்குள்ள எனக்குத் தெரியாது.
ரைசூத் துறைமுக கேட் வரைக்கும் தெரியும்.
இறக்கு, கையெழுத்து வாங்கு, திரும்பு.
ஊரு இடது கைப் பக்கம் இருந்துச்சு."

ஜெபசிங் போனில் தேடி வாசித்தான்:
பலீத் என்று இடிந்த பழைய நகரம் ஒன்று,
கடலோரம் அதன் மதில்.
அந்தக் கரையிலிருந்துதான்
சாம்பிராணியும் குதிரையும் கப்பலேறின,
குதிரைகள் காயலுக்கும்.
"எங்க ஊர்லதான் இறங்கியிருக்கு" என்று
மொகுதூம் சிரித்தான்.
"குதிரைகிட்ட எவனும்
கார்டு கேட்டிருக்க மாட்டான்."

அதற்குப் பிறகு
ஃப்ரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அவன் கார்டு முடிந்து ஐம்பத்து மூன்று நாள்.
கம்பெனி புதுப்பிக்கவும் இல்லை
கணக்கு முடித்து அனுப்பவும் இல்லை.
மலை இறங்குமுன் ஒரு சோதனைச் சாவடி.
அட்டையில் அவனே அதைச்
சின்னக் கட்டமாகப் போட்டிருந்தான்,
எங்களுக்கு வழி சொல்லும் ஜோரில்.

பெட்ரோலை நான்கால் வகுத்திருந்தேன்.
மூன்றால் வகுத்தபோது புள்ளிக்குப் பின்னே
நிற்காமல் ஓடின எண்கள்.
வேறு எங்காவது போவோமா,
பக்கத்தில், சூர் மாதிரி, என்றான் திரவியம்
யாரையும் பார்க்காமல்.
"போட்ட கோட்டை அழிக்காதீங்கடா,"
என்று எழுந்தான் மொகுதூம்.
சட்டைப்பையில் துழாவி
மடங்கிப்போன ஒரு ரியாலை
மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்தான்.
"போன உடனே யாராவது ஒருத்தன்
நம்ம ஊர் மாதிரியே இருக்குன்னு சொல்லிருங்க.
அபராதம் கட்டியாச்சு."

நாங்கள் அறையைப் பதிவு செய்தோம்,
ஒரு கட்டில் கூடுதலாக.
ஏன் என்று தெரியவில்லை, காசும் திரும்பாது.

புறப்பட இன்னும் ஆறு நாள் இருக்கிறது.
கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில்
போன் வெளிச்சத்தில் குனிந்திருக்கிறான்.
நான்கு டயரும் முடிந்தன.
டிக்கியைத் திறந்து
ஸ்டெப்னியை அமுக்கிப் பார்க்கிறான்.