இருவருக்கான காற்று

பஞ்சிகாவத்தை. சனிக்கிழமை பதினொரு மணி.
கழற்றிய பின் டயரை மடியில் வைத்து
ரேகை பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார் மிஹ்ளார் நானா.

நடுப்பகுதி தட்டையாய்த் தேய்ந்திருக்கிறது.
ஓரங்களில் புது ரப்பரின் மயிர் அப்படியே.
"நேர் ரோட்டு ஆள் நீங்க.
வளைவக் கண்டா சாயிற இல்ல, பிரேக் பிடிக்கிற."
நான் மறுக்கவில்லை.

கூரைவரை டயர்கள். ஒரே கறுப்பு, ஒரே மணம்.
ஒன்று இறுகல்: பதினெட்டாயிரம் கிலோமீற்றர் போகும்,
மழையில் மட்டும் நம்பேலாது.
மற்றது மெத்தன்: எட்டாயிரத்தில் முடிந்துவிடும்,
ஈரத் தாரைப் பல்லி மாதிரிப் பிடிக்கும்.
மூன்றாவது பாதி விலை.
பக்கவாட்டில் நாலு இலக்கம், 2722.
இருபத்திரண்டாம் ஆண்டின் இருபத்தேழாம் கிழமை.
தெமட்டகொடைப் பெற்றோல் வரிசையில்
நான் இரண்டு இரவு படுத்த கிழமை அது.
அப்போதும் எங்கோ ஓர் ஆலையில்
யாரோ இதை அச்சிலிருந்து சுடச்சுட எடுத்திருக்கிறார்.
தடவிப் பார்த்தேன். திருப்பி வைத்தேன்.

"தனியயா, பின்னுக்கு ஆளிருக்கா?"

பாரத்துக்குக் கேட்கிறார், வேறொன்றுக்கும் இல்லை.

போன மார்கழி, ஹபரணை தாண்டி, மழைக்குள்
பின்சில்லு ஒரு சாண் வழுக்கித் தானாகவே நிமிர்ந்தது.
விழவில்லை. கீறல்கூட இல்லை.
நிரோஜா இறங்கினாள்.
ஹெல்மெட்டை என் கையில் தந்தாள்.
"டயர் மாத்துறன் எண்டு ஆவணியில சொன்னனீங்கள்."
திருகோணமலை பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.
அன்றிலிருந்து எங்கள் குசினியில்
வெங்காயம் கிடப்பது அந்த ஹெல்மெட்டுக்குள்தான்.

"இருக்கு" என்றேன்.

லலந்த நெம்புகோலை எடுத்தான்.
காற்றுக்குழாய் சீறி அடங்கியது:
முன்னுக்கு முப்பத்தாறு, பின்னுக்கு நாற்பத்திரண்டு.
"மேல மெழுகு இருக்கும். நூறு கிலோமீற்றருக்குச் சாய வேணாம்"
என்கிறார் நானா,
என்னைப் பற்றித் தானே சொன்னதை மறந்து.

மருதானையில் தூறல் பிடித்தது.
வெள்ளவத்தை வரைக்கும் ஒவ்வொரு குழியும்
நேரே முதுகெலும்பில் ஏறியது.
ஆளில்லாத இருக்கை
முழுக்காற்றில் துள்ளித் துள்ளி வந்தது.

வெங்காயத்தைத் தாச்சியில் கொட்டுகிறேன்.
ஹெல்மெட்டின் உள்ளே ஊதாச் சருகுகள்,
துணி நனைத்துத் துடைக்கிறேன்.
கதவு நிலையில் சாய்ந்தபடி பார்க்கிறாள்.
மணக்குமே என்று சொல்லவில்லை.
எங்கே என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு முடிஞ்சது?"