முத்திரை

பெங்களூர் கம்பெனி அனுப்பிய சரிபார்ப்புக் கடிதம்
ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டதாம்.
நேரில் போய் முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி
காலேஜ் ஸ்டாப் ஒண்ணு என்றேன்.
"முந்திரி குடோன்தானே?" என்று கிழித்துத் தந்தார்.

மெஷின் ஷாப் முழுக்க மூட்டை.
நடுவில் எங்கள் ஒற்றை லேத்,
ஒருநாளும் ஓடாதது.
ஆய்வுக்குழு வருமுன் அதற்குப் பச்சைப் பெயிண்ட்;
அன்றைக்கு மட்டும் வரும் பேராசிரியர்கள்
எங்களிடமே வகுப்புக்கு வழி கேட்பார்கள்.

நாலு வருஷம். அப்பாவின் ஒன்றரை ஏக்கர் சவுக்கு.
போன வாரம்கூட அஞ்சலாட்சியிடம் போனில்
அது நாசமாய்ப் போக என்றேன்.
போயிருக்கிறது.

மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் சிரித்தார்:
"இதெல்லாம் ஒரு காலேஜாம்மா?"
சுருக்கென்றது.
எங்க செட்டுல நாப்பது பேர் வேலையில இருக்கோம் என்றேன்.
பதினொரு பேர்.

தானே புயலுக்குப் பிறகு
கரண்ட் இல்லாத பதினாறு நாளும்
சம்பளம் வராத கனகசபை சார்
கடிலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்து
மெழுகுவர்த்தி வைத்து
வெப்ப இயக்கவியல் நடத்தினார்.
சுடர் அணையும்போதெல்லாம்
"இதுதான் என்ட்ரோபி, எழுதிக்கோங்க" என்பார்.
இருட்டில் எப்படி எழுதுவது?
எழுதினோம்.
இதை இவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது.

"சீல் மட்டும்தான் வேணும்னா
எங்களுது இருக்கு" என்றார்.
வாங்கிப் பார்த்தேன்: எடை சரிபார்க்கப்பட்டது.

காகிதத்தின் மடிப்பை
லேத் மேல் வைத்து நீவினேன்.
விரலெல்லாம் பச்சை.