அது

நுக்சார் இரவுப்பணிக் குறிப்பேட்டில்
எழுதிவிட்டுப் போயிருந்தான்:
"இழுவடம், தாங்குவடம் பார்த்தேன்.
அது தேய்ந்திருக்கிறது."

எது?

காக்கசஸ் பனியில்
அக்கரையில் பதினோரு பேர்,
ரொட்டிக் கூடையோடு லாமாரா.
ரோப்காரை நான் நகர்த்தவில்லை.
போனை அவன் எடுக்கவில்லை;
அண்ணன் கல்யாணம், ஒயின்.

கையுறை கழற்றி
இரண்டு வடத்தையும் விரலால் படித்தேன்
சாண் சாணாக.
இழுவடத்தில் மூன்று இழை
முள்ளாய் நின்றது.

மத்தியானம் வந்தான், கண் சிவந்து.
"எதுடா?" என்றேன்.
"அதுதான்" என்றான்.
குறிப்பேட்டை நீட்டினேன்.
படித்தான். மறுபடி படித்தான்.
அவனுக்கும் தெரியவில்லை.

மலையைச் சுற்றி நடந்தே வந்த லாமாரா
விறைத்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத்
திட்டினாள் எங்களை:
பெயர் சொல்லி, அப்பன் பெயரும் சொல்லி,
யாரை என்று
சந்தேகமே வராதபடி.