நூறு மில்லிமீட்டர்

எலிக்கு வாந்தி வராது.
அதன் உடம்பில் அதற்கு வழியே இல்லை.
அதனால் எங்கள் ஆய்வகத்தில்
மூஞ்சூறு வளர்த்தோம்.

பதினோரு வருடம்.
ஊசி போட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டி முன்னால்
எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருப்பேன்.
ஓங்கரிப்புக்கு ஒரு சொடுக்கு,
வாந்திக்கு இரண்டு.
புது மருந்து தின்ற வரிசையில் சொடுக்கு குறைந்தால்
அன்று மாலை டாக்டர் இஷிகுரே
எல்லோருக்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கித் தருவார்.

இப்போது கனசாவாவில் பனி.
மருத்துவமனைப் பைன் மரங்களுக்குக்
கிளை முறியாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள்.
என் கையிலும் ஒரு கயிறு, சொட்டுச் சொட்டாய்.
வழக்கமான மருந்துகளோடு பெயரில்லாத ஒரு மாத்திரை.
புதியதா வெறும் மாவா
எனக்குத் தெரியாது,
எடுத்துக் கொடுக்கும் ஓகிஹாராவுக்கும் தெரியாது.

வீட்டில் என் கணவர்
ரைஸ் குக்கரைப் பால்கனிக்குத் தூக்கிப் போய்விட்டார்.
கதவிடுக்கில் ஒயர்.
குடை பிடித்தபடி
அரிசி வேகும்வரை பனியில் காவல் நிற்கிறார்.
அப்படியும் வந்துவிடுகிறது வாசனை,
கதவு சாத்தினாலும் குரல் கொடுக்கும் கடன்காரன் மாதிரி.

நாக்கில் நீர் ஊறுவது ருசிக்கு மட்டும் என்று
யார் சொன்னது?

இரண்டாம் நாள் இரவு.
தாங்காவிட்டால் விழுங்கச் சிவப்பு உறையில் ஒன்று இருந்தது.
விழுங்கினால் என் எண்ணுக்கு எதிரே
'மருந்து தோற்றது' என்று எழுதுவார்கள்.
பழைய ஆய்வகப் புத்தி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.
காலையில் ஓகிஹாரா போனில் திட்டினாள்:
"நுகாடா-சான், நீங்க தாங்கிக்கிட்டா
கணக்குதான் பொய்யாகும்."

படிவத்தில் நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு.
இடது கோடியில் குமட்டலே இல்லை.
வலது கோடியில் இதற்கு மேல் இல்லை.
அறுபத்தெட்டில் குறி வைத்தேன்.

மூஞ்சூறுகளிடம் இந்தக் கோட்டை
யாரும் நீட்டவில்லை.
வெளியே வந்ததை எண்ணினோம்.
அது வருவதற்கு முன்
மூலையில் மூக்கைப் புதைத்து
வால் நீட்டிக் கிடந்த அந்த நேரத்துக்கு
எங்கள் தாளில் கட்டமே கிடையாது.

படிவத்தைத் திருப்பி
அதே அளவில் இன்னொரு கோடு போட்டேன்.
பக்கத்தில் எழுதினேன்: கூண்டு பதினேழு.
பென்சில் நெடுநேரம் நகரவில்லை.

"இது யாருது? குறியே இல்லையே"
என்று கேட்டாள் ஓகிஹாரா.
கணக்கில் சேராதது என்றேன்.
அவள் அதை அடிக்கவில்லை.
தேதி மட்டும் போட்டாள்.