நானூறு மீட்டர் மரியாதை

கிண்டி தாண்டியதும் வரும் ரயில் நிலையப் பலகையில்
கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும்.
எண்ணின் மேல் யாரோ
டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.
பரவாயில்லை.
கீழேயிருந்துதானே தொடங்குகிறேன்.

விடிகாலை நாலரை.
பரங்கிமலைப் படிகள், நூற்றுச் சொச்சம்.
முதுகில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்.
பதினோராம் தடவை ஏறுகையில்
தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரம் நீட்டி இறங்கியது.
காவலாளி சூசைமாணிக்கம் கேட்டார்:
"வேண்டுதலாம்மா?"
ஆமாம் என்றேன். விளக்க மூச்சில்லை.

இந்தக் குன்றின் அடியில்தான்
இருநூறு வருஷத்துக்கு முன் சங்கிலி போட்டு இழுத்தார்கள்
முதல் கோட்டை. ஏழரை மைல்.
(ஏழரை என்றதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.)
முக்கோணம் முக்கோணமாய் வடக்கே போய்ப் போய்
அரை நூற்றாண்டு கழித்துப் பனியைத் தொட்டது கணக்கு.
உலகத்தின் உச்சி என்று எல்லோரும் நம்பியிருந்த
காஞ்சன்ஜங்கா
மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.
மலை ஓர் அங்குலமும் அசையவில்லை,
மார்க் ஷீட் மட்டும் மாறியது.

பனியின் ஐந்து களஞ்சியங்கள் என்று பெயர்.
ஏறப்போனவர்கள் ஐம்பது வருஷம் திரும்பித் திரும்பி வந்தார்கள்.
சிலர் திரும்பவில்லை.
ஐம்பத்தைந்தில் ஏறியவர்கள்
கடைசிச் சில அடிகளை மிதிக்காமல் நின்றார்கள்.
சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கு:
உச்சி தெய்வத்துக்கு.

எனக்கு நானூறு மீட்டர் பாக்கி இருந்தது.
கீழே யாலுங் பனியாற்றின் மேல்
அடுப்பில் மறந்த பாலாய் மேகம்
விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.
கால்விரலை அசைத்துப் பார் என்றான் தாவா நுர்பு.
அசைத்தேன்.
அசைத்ததாக நினைத்தேன்.
அவன் உச்சியைப் பார்க்கவேயில்லை,
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மவுண்ட் ரோட்டில் எங்கள் அலுவலகம்.
மலையின் பெயரைச் சுமந்துகொண்டு
தட்டையாய் ஓடுகிற சாலை.
லிஃப்டில் தணிக்கைப் பிரிவு கிரேஸ்லின் கேட்டாள்:
"உச்சிக்குப் போனீங்களா மேடம்?"
"மரியாதைக்குச் சில அடி கீழே நிற்பது
அங்கே வழக்கம்.
எனக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
ஆறாவது மாடி வரைக்கும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர்.
சோளக்கதிர் கரிப்புகை, பட்டாணிக் காகிதம், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
ஈரமணலில் நிற்கிறேன், பூஜ்ஜியத்தில்,
எல்லா மலைகளையும் அளக்கத் தொடங்குகிற இடத்தில்.
அலை வந்து மூடிவிட்டுப் போகிறது.
குளிர்கிறது என்றன
எட்டு விரல்கள்.